கொண்டை ஊசி வரை

மர்ம நாவல் எது வீட்டுக்கு வந்தாலும் ரோசலின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். மதிப்புரை எழுதுவதற்காகக் கணவர் அருளப்பன் அதே நாவலில் மூழ்கியிருக்கும்போது, "கொன்னது டாக்டர்தாங்க. எந்திரிச்சு சாப்பிட வாங்க" என்பாள். அவர் கத்துவார். அவள் சிரிப்பாள்.

இந்த நாவல் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்தது. மனைவியைக் கொன்றவன் யார் என்று நாவல் எழுதியே தேடுகிற ஓர் எழுத்தாளனின் கதை. இதை மட்டும் அவள் முதல் பக்கத்திலிருந்து படித்தாள்.

"என்ன, கடைசிப் பக்கம் பாக்கலையா?"

"மெதுவாப் போவோமே. என்ன அவசரம்?"

சிகிச்சையில் முடி கொட்டிப்போனதால், படித்த இடத்தில் கொண்டை ஊசியைச் செருகிவைப்பாள். அவள் கண்மூடியபோது அது பாதிப் புத்தகத்தில் இருந்தது.

"மதிப்புரை எப்ப சார் வரும்? முடிவ மட்டும் சொல்லிடாதீங்க" என்று பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். அருளப்பன் கொண்டை ஊசி வரை பலமுறை படித்துவிட்டார். அதைத் தாண்டத்தான் முடியவில்லை.

அன்று மாலை, ஊசியை எடுக்காமலே கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். வாழ்க்கையில் முதல் முறையாக. படித்து முடித்ததும் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யாரும் கொல்லலையாம், ரோஸி. நோய்தானாம். அவன்தான் நம்பாம யாரையோ தேடிட்டு இருந்திருக்கான்."

முடிவைச் சொல்லிவிட்டாரே என்று அவள் கத்துவதற்காகக் காத்திருந்தார்.