நின்ற இடத்திலிருந்து

அவள் விரல் பொத்தானின் மேல் நின்றது.

"அக்கா, முதல்ல டெஸ்ட் புரோகிராமை ஏத்திருவோம். நேரடியா ஓட்டி ஏதாவது புகைஞ்சா நாலு வருஷ உழைப்பு போயிரும்" என்றான் செல்வின்.

அவன் சொன்னது சரிதான்.

அருங்காட்சியகக் கூடத்தின் சுவர் முழுக்க அந்தக் கணினி நின்றது. துருவும் எலிப்புழுக்கையுமாக வந்து சேர்ந்ததை இருவரும் கம்பி கம்பியாக எழுப்பியிருந்தார்கள்.

ஆனால் சோதனை நிரலை ஏற்றினால் நினைவகத்தில் இருப்பது அழிந்துவிடும்.

அந்த நினைவகம் முழுக்கக் கடுகளவு காந்த வளையங்கள். ஆயிரக்கணக்கில். மின்சாரம் போன பிறகும், தன்னிடம் சொன்னதை ஒவ்வொன்றும் ஐம்பது ஆண்டுகளாக விடாமல் வைத்திருந்தது. நேற்று கணினி முகப்பின் விளக்குகளில் அதைப் படித்தபோது அவளுக்கு உடல் சிலிர்த்தது.

பாதியில் நின்ற ஒரு கணக்கு. புயலடித்தால் கடல் எவ்வளவு தூரம் ஊருக்குள் வரும் என்ற கணக்கு.

அதைப் போட்டவர் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் ராஜம். அன்று ஆராய்ச்சி மாணவி. கணக்கு முடிவதற்குள் பல்கலைக்கழகம் கணினியைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டது. ஆராய்ச்சியும் அதோடு நின்றது. பிறகு கல்யாணம், பள்ளிக்கூட வேலை, பேரப்பிள்ளைகள்.

அவர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அழுத்தினாள்.

விளக்குகள் அலையாய் ஓடின. உள்ளே எங்கோ ஓர் உறுமல். கருகல் வாசனை வருகிறதா என்று செல்வின் கணினியின் அலமாரி ஒவ்வொன்றாக மோந்துகொண்டே போனான்.

வரவில்லை.

விட்ட இடத்திலிருந்து அது கணக்கைத் தொடர்ந்துகொண்டிருந்தது.

வெகுநேரம் கழித்து அச்சுப்பொறி தடதடத்தது. தாளில் எண்கள் வரிசையாக இறங்கின.

பிறகு அமைதி.

செல்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அவள் தாளைக் கிழித்து எஸ்தரம்மாவிடம் நீட்டினாள். அவர் அழுதுவிடுவார் என்று நினைத்துப் பக்கத்திலேயே நின்றாள்.

எஸ்தரம்மா அழவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் மீண்டும் மேலே போனார். நெற்றி சுருங்கியது.

"காத்தோட வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாக்கணும்மா" என்றார். "மறுபடி ஓட்டலாமா?"

பதிலுக்குக் காத்திராமல், நாற்காலியைக் கணினியின் பக்கம் இழுத்துப் போட்டார்.