சாப்பாட்டு நேரத்து லோடு

"ஸ்வெட்டரை வரச் சொல்லு. இப்பவே!"

முதலாளி போட்ட சத்தத்தில் ஆபீஸ் முழுக்க கீபோர்டு சத்தம் நின்றது.

ஸ்வெட்டர் என்பவர் அந்த டைல்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர். நாள் முழுக்க ஏசி ஓடும் சர்வர் ரூமிலேயே கிடப்பதால் வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டிருப்பார். அதனால் அந்தப் பேர். அவரை யாருக்கும் பிடிக்காது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று போய் நின்றால், "சாப்பிட மறந்தீங்களா? இல்லைல்ல?" என்பார். பென் டிரைவைச் செருகப் போனால் கையிலிருந்து பிடுங்கிவிடுவார். முதலாளியின் மச்சானிடமே பிடுங்கியிருக்கிறார்.

முதலாளிக்கு எதிரே, எஸ்டிமேட் போட வந்த பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கம்பெனியின் பில், ஸ்டாக், சம்பளம் எல்லாம் சர்வர் ரூம் மெஷின்களில்தான் ஓடுகிறது. அதையெல்லாம் கிளவுடுக்கு மாற்றினால், அதாவது வேறொருத்தர் மெஷினில் வாடகைக்கு ஓட்டினால், மாசம் எவ்வளவு ஆகும்? அதைச் சொல்லத்தான் அவள் வந்தாள். மெஷினில் ஓடும் வேலைக்குப் பேர் லோடு. எவ்வளவு லோடு ஓடுகிறதோ அவ்வளவு வாடகை. அதற்காக ஒரு வாரம் மெஷின்களை அளந்திருந்தாள்.

வாடகை குறைவாக வந்தால் சர்வர் ரூமை மூடிவிடலாம். ஸ்வெட்டரும் வீட்டுக்குப் போகலாம். முதலாளி இதை ஒளித்து வைக்கவில்லை. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஸ்வெட்டர் வந்து நின்றார்.

"உன் மெஷினெல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்துல என்னய்யா பண்ணுது?"

"ஓடுது சார்."

"ஆபீஸ்ல ஒரு ஈ, காக்கா இல்லாத நேரத்துல யாருக்காக ஓடுது? காலையில இருக்கிற லோடைவிட அப்பதான் ஜாஸ்தின்னு இந்தம்மா சொல்றாங்க. வாடகை ரெண்டு மடங்கு காட்டுது. இதை நம்பியிருந்தா நான் எதையும் மாத்தியிருக்க மாட்டேன். உன் சீட்டும் பத்திரமா இருந்திருக்கும். நல்லா இருக்குய்யா உன் கணக்கு!"

"சார், அவர்தான்னு நான் சொல்லலை..." என்றாள் அந்தப் பெண்.

"நீ இரும்மா. மெஷின் மேல கை வைக்கத் தெரிஞ்ச ஆளு இங்க வேற யாரு இருக்கா?"

ஸ்வெட்டர் மேஜை மேலிருந்த ஏசி ரிமோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, வாயைத் திறக்க மாட்டேங்கிற? ஊருக்கெல்லாம் சட்டம் பேசுவியே. நீதானே பண்ணினே?"

"ஆமா சார். நான்தான்."

முதலாளிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மனுஷன் எகிறுவான் என்றுதான் எதிர்பார்த்திருந்தார். ஆனாலும் சத்தம் போட்டாயிற்று, பின்வாங்க முடியாது.

"அப்ப இன்னைக்கே கிளம்பு."

தட்டாமலே கதவு திறந்தது. அக்கவுன்ட்ஸ் அக்கா. அந்த ஆபீஸில் ஸ்வெட்டரோடு அதிகமாகச் சண்டை போட்டது அவர்தான். அவர் பின்னால் சேல்ஸ் பையனும், டைல்ஸ் படம் டிசைன் பண்ணும் பெண்ணும்.

"சார், அவர் பொய் சொல்றார். பண்ணினது நாங்க."

"நீங்களா? என்ன பண்ணினீங்க?"

"சாப்பிடப் போறதுக்கு முன்னாடி நான் பழைய வருஷத்து ஸ்டாக் ரிப்போர்ட் எல்லாத்தையும் ஓட விட்டுட்டுப் போவேன். இவன் கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இருக்கிற பில்லை எல்லாம் தேட விடுவான். இவ ஏத்தின படத்தையே திரும்பத் திரும்ப ஏத்துவா."

"எதுக்கு?"

"இந்த வயசுல, இந்த வாயோட, இவரை வேற எவன் சார் வேலைக்கு எடுப்பான்?"

சேல்ஸ் பையன் சிரிப்பை அடக்க இருமினான். ஸ்வெட்டர் மூன்று பேரையும் முறைத்தார்.

"உங்களை யாரு கூப்பிட்டா? போங்க, அவங்கவங்க சீட்டைப் பாருங்க."

"பாருங்க சார், இப்பவும் எப்படி விரட்டுறார்னு! இவருக்கு இதுல ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சிருந்தா முதல் ஆளா எங்களை மாட்டி விட்டிருப்பார்."

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். திட்டினது தப்பு என்று தெரிந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. எஸ்டிமேட் பெண்ணிடம் திரும்பினார்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"மறுபடி ஒரு வாரம் அளக்கணும் சார். இந்தத் தடவை வாடகை பாதிதான் வரும்."

பாதி வாடகை என்றால் சர்வர் ரூம் கிடையாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. அக்காவின் கண் கலங்கிவிட்டது. வந்த கோபமெல்லாம் எஸ்டிமேட் பெண் மேல் திரும்பியது.

"மெஷின் காட்டினதை அப்படியே எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானேம்மா? உனக்கென்ன நஷ்டம்? ஒரு மனுஷன் பிழைப்புல மண்ணைப் போட்டுட்டியே. யாரு உன்னை இவ்வளவு தோண்டச் சொன்னது?"

அவள் ஸ்வெட்டரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் கேட்கவில்லை.

"நானா தோண்டலைக்கா. எனக்குச் சந்தேகமே வரலை. யாரு பண்றாங்கன்னு கேட்டப்பகூட இவர் சொல்ல மாட்டேன்னுட்டார். ஆனா 'நீங்க அளந்த கணக்கு பொய், இதை வச்சு எஸ்டிமேட் குடுத்துடாதீங்க, திரும்ப அளங்க'ன்னு எனக்கு போன் பண்ணினதே இவர்தான்."