போட்டுக் கொடுத்த ஆள்

பனி இன்னும் விலகவில்லை. மழலையர் பள்ளி வாசலில் மஞ்சள் இலைகள் கனவில் விழுவதுபோல மெதுவாக விழுந்துகொண்டிருந்தன. தெருக் கூட்டும் பெண் அவற்றை இடுப்புயரத்துக்குக் குவித்துவிட்டு நிமிர்ந்தாள். எதிரே சூப்பர்வைசர் நின்றிருந்தார்.

"வண்டியில அள்ளிப் போட வேண்டியதை இங்க எதுக்கும்மா குவிச்சு வச்சிருக்கே?"

"பிள்ளைங்க வந்து ஒரு குதி குதிச்சதும் அள்ளிடுவேன் சார்."

"வெயில் காலத்துல என்ன பண்ணினே? குழாயைத் திறந்து மண்ணைக் குழைச்சு விளையாட விட்டே. மழையில தேங்கின தண்ணியைத் தள்ளாம, கப்பல் விடட்டும்னு விட்டுட்டே. எல்லாம் என் காதுக்கு வந்துச்சு."

யாரோ போட்டுக் கொடுத்து வேலைக்கே உலை வைத்துவிட்டார்கள். இந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள்?

"யார் சார் சொன்னது?"

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குவியலுக்குள் கையை விட்டுத் துழாவினார். கலைத்துவிடப் போகிறார் என்று அவள் பயந்தாள். அவரோ ஒரு முள்குச்சியை உருவி எடுத்தார்.

"நேத்து முட்டியைக் கீறிக்கிட்டு வந்து நின்னா. இனிமே குதிக்காதேன்னா கேக்குறாளா? குச்சியைப் பொறுக்கிட்டுக் குவிம்மா."

"யாரு சார்?"

தெருமுனையில் அம்மாவின் கையை உதறிவிட்டு ஒரு சின்னப் பெண் ஓடி வந்தாள்.

"அப்பா, தள்ளு! நான்தான் முதல்ல!"

"இதோ வர்றாளே, போட்டுக் கொடுத்தவ," என்றார் சூப்பர்வைசர், அவசரமாக இன்னொரு குச்சியைத் தேடியபடி.