மூடி திறந்த நேரம்

கடல் கடந்து ராணுவ முகாமுக்கு வந்து சேர்ந்த தகர டப்பாவுக்குள், சவரிமுத்துவின் அம்மா சுட்ட பிஸ்கட்டுகள் இருந்தன. மேலாகக் கிடந்த குட்டி பிஸ்கட்டுக்கு வழிநெடுக ஒரே உதறல்.

"அக்கா, சர்க்கரைன்னு நினைச்சு அம்மா உப்பை அள்ளிப் போட்டுட்டாங்களே! இத்தனை பேர் முன்னால அவங்க மானம் போகப்போகுது."

"வாயை மூடுடி, மூடி திறக்குது!" என்றது அடியில் கிடந்த பெரிய பிஸ்கட்.

கூட்டாளிகளின் கைகள் டப்பாவை நோக்கி நீண்டன. சவரிமுத்து முந்திக்கொண்டு குட்டியை எடுத்துக் கடித்தான். பாதி போன குட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தது.

மென்றான். விழுங்கினான். டப்பாவைப் பட்டென்று மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"ஒருத்தனுக்கும் கிடையாது, போங்கடா!"

"சரியான கஞ்சப்பய!" என்று திட்டிக்கொண்டே அவர்கள் கலைந்தார்கள்.

கஞ்சப்பயல் மீதிப் பாதியையும் வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.