கூர்முனை கீழே

கூர்முனை கீழே, அகன்ற முனை மேலே. ஹெப்சி முட்டைகளை ஒவ்வொன்றாக இன்குபேட்டர் தட்டின் குழிகளில் இறக்கிக்கொண்டிருந்தாள்.

இப்படித்தான் நிற்க வேண்டும். அகன்ற முனைக்குள்தான் காற்று இருக்கிறது. ஓட்டை உடைப்பதற்கு முன்னால் குஞ்சு இழுக்கும் முதல் மூச்சு அங்கிருந்துதான். தலைகீழாக வைத்தால், முழுசாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூச்சு முட்டிச் சாகும்.

விலங்கியல் படித்தவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன இரண்டு ஈட்டிலும் இதே மாதிரிதான் வைத்தாள். சூடு சரி, ஈரம் சரி, ஒரு முட்டைகூடத் தலைகீழாக இல்லை.

முதல் ஈட்டில் நாலே நாலு குஞ்சு. இரண்டாவதில் அதுவும் இல்லை. இருபத்திரண்டாம் நாள் உடைத்துப் பார்த்தால் உள்ளே கறுப்புத் தண்ணீர். அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போக மூன்று நாளாயிற்று.

அதே மாதம் கொல்லையில் அம்மாவின் அடைக்கோழி பன்னிரண்டுக்குப் பதினொன்று பொரித்துக் கூட்டிக்கொண்டு திரிந்தது. குழாயடியில் கேட்க வேண்டுமா?

"இன்னா ஹெப்சி, பி.எஸ்ஸி படிச்ச கோழி இந்த வாட்டியாவது ஒழுங்கா உக்காருதா?"

நைனா ஜெபரத்தினம் சிரிக்கவில்லை. மெஷின்மேல் கையை வைத்து ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லி முடித்துவிட்டு மகளிடம் சொன்னார்.

"இந்த ஒரு வாட்டி பாரு. இதுவும் கூமுட்டை ஆயிடுச்சுன்னா மெஷினை மூட்டை கட்டிட்டு கம்பெனி பஸ்ல ஏறிடு."

கம்பெனி பஸ் காலை நாலரைக்கு ரோட்டில் வந்து நிற்கும். அவளோடு படித்த ஏழு பெண்கள் அதில்தான் போகிறார்கள். போகும்போதும் தூங்குகிறார்கள், வரும்போதும் தூங்குகிறார்கள். படித்த படிப்பை வைத்துத்தான் பிழைப்பேன் என்று வீம்பு பிடித்து நிற்பவள் இவள் ஒருத்திதான்.

முட்டைக்கும் இந்த வாரத்தை விட்டால் வழியில்லை. ஆடிக் கிருத்திகை. மலைக்குக் காவடி ஏறி முடிகிறவரை திருத்தணியில் அம்மாவிடம் வாடிக்கையாக வாங்குகிற வீடுகளில் முட்டையைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் அம்மாவின் கோழிகளும் பக்கத்து நாலு வீட்டுக் கோழிகளும் போட்டது அப்படியே நின்றது. நாற்பத்திரண்டு. திருவிழா முடிந்தால் எல்லாம் பழையபடி ஊருக்குள் போய்விடும்.

முப்பத்தேழாவது முட்டையில் அவள் கை நின்றது.

கூர்முனையில் நகத்தளவுக்கு ஒரு மஞ்சள் கறை. மோந்து பார்த்தாள். சமையல் மஞ்சள்தான்.

தட்டில் வைத்ததை எல்லாம் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தன. எச்சம் இல்லை, ஒரு துரும்புகூட ஒட்டியிருக்கவில்லை. அம்மா கொண்டுவந்து தரும் முட்டை எப்போதும் இப்படித்தான். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

கோழி போட்ட முட்டையின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு உண்டு. கழுவினால் அது போய்விடும். போனால் ஓட்டின் துளைகள் வழியே கிருமி உள்ளே இறங்கும். இதுவும் அவள் படித்ததுதான். தன் வீட்டில் ஒருத்தர் முட்டையைக் கழுவுவார் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அம்மா! முட்டையைக் கழுவுனியா?"

தபிதாள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"ஆங், பின்ன கழுவாமயா? மஞ்சத் தண்ணில ரெண்டு தபா முக்கி எடுத்துதான் உங்கிட்ட குடுத்துகினு வரேன். மொத ஈட்டுலேர்ந்தே."

"உன்னை யாரு கழுவச் சொன்னது? அத்தினியும் செத்துப் போச்சேம்மா! அறிவு கீதா உனக்கு?"

"கத்தாதடி. எட்டு வயசுல ஊருக்குள்ள தாயாரம்மாள் வூட்டுக்கு மொத மொத முட்டை எடுத்துகினு போனேன். அந்தம்மா கையில வாங்கல. மஞ்சத் தண்ணிச் சட்டிய படியில வெச்சி, அதுல போட்டுட்டுத் தள்ளி நில்லுன்னாங்க. நான் தள்ளி நின்னப்பறம் எடுத்துகினாங்க. அன்னிலேர்ந்து யாரு வூட்டுக்குப் போனாலும் நானே கழுவி எடுத்துகினு போயிடுவேன். நம்மள ஒருத்தரு ஒரு வார்த்தை சொல்லக் கூடாது பாரு."

அம்மா அதைச் சொன்னது, குழம்புக்குப் புளி கரைக்கும் பக்குவம் சொல்வதுபோல இருந்தது.

ஹெப்சி கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தாள்.

"கோழிக்கு அடை வெச்சியே, அந்தப் பன்னெண்டு. அதைக் கழுவுனியா?"

"நம்ம வூட்டுக் கோழிக்கு எதுக்குடி கழுவணும்?"

"அப்ப எனக்கு மட்டும் ஏம்மா?"

தபிதாள் மெஷினைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். கேட்கவே தேவையில்லாத ஒன்றைக் கேட்கிறாளே என்று இருந்தது அவள் பார்வை.

"நீ படிச்சவ ஆச்சே."

மலைப்பக்கம் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஹெப்சி எழுந்து போய் மெஷின் ஸ்விட்சை அணைத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, தட்டிலிருந்து முட்டைகளை எடுத்துக் கூடையில் போடத் தொடங்கினாள். நைனாவிடம் என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அம்மாவும் உதவிக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தட்டைத் தொடுவதற்கு முன்னால், இரண்டு கைகளையும் முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.