அலை இல்லாத கடல்

துறைமுகச் சாலையில் லாரிகள் போகப் போக கேமிங் சென்டரின் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. இறுதிப் போட்டி தொடங்கப்போகிறது. ஷீஜாவுக்கு வாய்த்தது பழைய கம்ப்யூட்டர். மவுஸை அழுத்தினால் துப்பாக்கி சற்றுப் பிந்தித்தான் வெடிக்கிறது. படத்தின் அழகைச் சுமக்க முடியாமல்தான் அது திணறுகிறது; அழகுக்கு ஆசைப்பட்டால் தோற்கவேண்டியதுதான். அவள் கிராபிக்ஸ் செட்டிங்ஸைத் திறந்து நிழலை நிறுத்துகிறாள், புல்லை மழிக்கிறாள், கடைசியில் கடலின் அலையையும் எடுத்துவிடுகிறாள். திரையில் கடல் உப்பளப் பாத்தியாக அசையாமல் கிடக்கிறது. அதன்மேல் ஜன்னல் வழியே நாலுமணி வெயில் விழுகிறது. புதுக் கம்ப்யூட்டரில் அவளோடு மோதப்போகும் ரெனிஷ் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். “ஏளா, இது கடலா? சிமெண்டு பூசுன தரை மாதிரில்லா இருக்கு.” அவள் மவுஸை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாள். இப்போது துப்பாக்கி விரலோடு சேர்ந்தே வெடிக்கிறது. “கடல் பாக்க எங்க வீட்டுப் பின்வாசல் போதும்லே. இங்கன ஒன்னையச் சுட வந்திருக்கேன்.”