காப்பகத்து வாசலில் மூன்று குட்டிகள்

மழைத்தண்ணீர் ஏறிய சாக்கடையிலிருந்து மூன்று பூனைக்குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி எடுத்து, விலங்குகள் காப்பகத்து வாசலில் கொண்டுவந்து சேர்த்தது செவலை நாய். வாசலில் காவலுக்கு இருந்தது ஓர் ஆமை.

"ஐயா, குட்டிங்க குளிர்ல நடுங்குதுங்க. உள்ளே விடுங்க."

"பூனைக்குட்டியை அதோட அம்மாதான் கொண்டுவந்து சேர்க்கணும்," என்றது ஆமை.

"அம்மாவைத்தான் காணலையே ஐயா."

"அப்போ, காணலைன்னு அம்மாகிட்டயே எழுதி வாங்கிட்டு வா."

செவலைக்கு அழுகை முட்டியது. அது கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே குட்டிகள் கதவுக்கடியில் நுழைந்துபோய், உள்ளே கிடந்த வைக்கோலில் சுருண்டு தூங்கிவிட்டன.

ஆமை திரும்பிப் பார்த்தது. வெகுநேரம் யோசித்தது.

"உள்ளே வந்ததை வெளியே அனுப்பணும்னா அதுக்குத் தனிப் படிவம் வேணும். அது தீர்ந்து ரெண்டு வருஷமாச்சு," என்று முணுமுணுத்துவிட்டு, பால் கிண்ணத்தைத் தேடிப் போனது.

செவலையின் வால் ஆடி ஓயவே இல்லை.